மனசைக் கவர்ற மாதிரி அர்த்தம் உள்ள பேர் வேணும், எந்த மொழியா இருந்தாலும் பரவாயில்ல

மார்கழிப்பூ:

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்குச் சீக்கிரமே குழந்தை பொறக்கப் போகுது, அதனால இப்போ வீட்ல பேர் தேடற வேலைதான் ஓடிட்டு இருக்கு. வீரம், வெற்றி, செல்வம்னு அர்த்தம் வர்ற பேருங்க எங்க ரெண்டு பேருக்குமே அவ்வளவா ஒட்டல. பாத்ததும் பிடிச்சுப் போற, பேசினா இன்னும் பிடிச்சுப் போற ஒரு ஆள் இருப்பாங்கல்ல, அந்த மாதிரி அர்த்தம் வேணும். வசீகரம், இனிமை, எழில், நளினம் எதுவா இருந்தாலும் சரி.

பேபி நேம் சைட்டுங்கள்ல தேடிப் பாத்தேன், எந்தப் பேரைத் தட்டினாலும் அழகானவள், தேவதை, ஒளின்னு மூணையும் சேர்த்துப் போட்டு வச்சிருக்காங்க, எதை நம்பறதுன்னே தெரியல. அதான் இங்க கேக்கறேன். பையன் பேர், பொண்ணு பேர் ரெண்டும் வேணும். தமிழ்தான் இருக்கணும்னு இல்ல, எந்த நாட்டுப் பேரா இருந்தாலும் ஓகே, ஆனா நம்ம வாயில நுழையணும், தமிழ்ல எழுதினா ஒழுங்கா படிக்கற மாதிரி இருக்கணும். வெறும் லிஸ்ட் மட்டும் போடாம அந்தப் பேர் எந்தச் சொல்லுலேர்ந்து வந்துச்சுன்னும் ஒரு வரி சொன்னீங்கன்னா ரொம்ப உதவியா இருக்கும்.

சொல்தேடி:

வாழ்த்துகள்ங்க. வேற மொழிக்குப் போறதுக்கு முன்னாடி தமிழ்லயே கொஞ்சம் நின்னு பாத்துடலாம், ஏன்னா அழகுக்கு நம்மகிட்ட இருக்கற சொல் கொஞ்சநஞ்சம் இல்ல. எழில், கவின், வனப்பு, வடிவு, முருகு, சொக்கு, ஏர், நலம்னு போய்க்கிட்டே இருக்கும்.

இதுல நீங்க கேக்கற அர்த்தத்துக்கு ரொம்ப கிட்ட வர்றது சொக்குதான். சொக்கிப் போயிட்டான், சொக்குப்பொடி போட்டுட்டான்னு இன்னிக்கும் சொல்றோம்ல, அதே சொக்கு. சொக்கன்னா அப்படி ஆளை மயக்கற அழகு உள்ளவன். சொக்கலிங்கம், சொக்கநாதன்னு நீளமா கேட்டா தாத்தா பேர் மாதிரி இருக்குன்னு இப்போ யாரும் வைக்கறதில்ல, ஆனா சொக்கன்னு மட்டும் தனியா சொல்லிப் பாருங்க, சின்னப் பையனுக்கு அவ்ளோ பொருத்தமா இருக்கும். வசீகரன்னும் ஒரு பேர் இருக்கு, வசீகரம்னா வசப்படுத்தறது, அதுவும் இதே கணக்குதான்.

முருகுக்கு அழகு, இளமை, மணம், தேன்னு அகராதியில வரிசையா அர்த்தம் இருக்கும். முருகன்ங்கற பேரை நாம சாமி பேரா மட்டுமே கேட்டுப் பழகிட்டதால அதுக்குள்ள இவ்வளவு இருக்கறது காதுல விழறதே இல்ல. வடிவுன்னா உருவம்னு மட்டும் நினைக்கறோம், ஆனா ஈழத்துல இன்னிக்கும் அழகா இருக்குன்னு சொல்ல 'வடிவா இருக்கு'ன்னுதான் சொல்வாங்க. வடிவு, வடிவழகிங்கற பேரெல்லாம் அதுலேர்ந்து வந்ததுதான்.

இப்போதைய காதுக்குப் பழசாத் தெரியாத பேர் வேணும்னா எழில், எழிலினி, எழிலன், கவின், கவினி, கவின்மொழி, இனியன், இனியா. இதுல கவின் எனக்கு ரொம்பப் பிடிச்சது. சங்கப் பாட்டுலயே இருக்கற சொல், மூணே எழுத்து, எந்த நாட்டுக்காரங்க வாயிலயும் நுழையும்.

நூல்புழு:

சொல்தேடி தமிழ்ப் பக்கத்தைச் சொல்லிட்டாரு, நான் சமஸ்கிருதம், பாரசீகம், அரபி மூணையும் ஒண்ணா எடுத்துக்கறேன், ஏன்னா இந்த மூணுலயும் வசீகரத்துக்கு உள்ள பேர்களைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் ருசியே தெரியும்.

மொதல்ல திருட்டு. மனோகர், மனோகரின்னா மனசைத் திருடறவங்க, மனஸ் கூட ஹர சேர்ந்தது. பாரசீகத்துல தில்பர்னு ஒரு பேர், தில்னா இதயம், பர்னா கொண்டு போற, ஆக இதயத்தைத் தூக்கிட்டுப் போற ஆள். தில்ருபாவும் அதேதான், ருபான்னா பறிக்கற, அந்தப் பேர்ல ஒரு நரம்பு வாத்தியமே இருக்கு. தமிழ்லயும் உள்ளங்கவர் கள்வன்ங்கறோம். பிடிச்சுப் போன ஆளைத் திருடன்னு சொல்ற பழக்கம் இத்தனை மொழியில இருக்கறது எனக்கு எப்பவுமே ஆச்சரியம்தான்.

அடுத்தது உப்பு. லாவண்யான்னு எத்தனையோ பேர் இருக்காங்க, அழகுன்னு மட்டும்தான் பொதுவா சொல்வாங்க. லவணம்னா உப்பு, லாவண்யம்னா நேர் அர்த்தம் உப்புத்தன்மை, அதுலேர்ந்துதான் முகத்துல இருக்கற களைங்கற அர்த்தம் வந்துச்சு. கண்ணு மூக்கு எல்லாம் அளவெடுத்த மாதிரி இருந்தும் ஏதோ ஒண்ணு குறையற முகம் இருக்கும், அளவெல்லாம் முன்ன பின்ன இருந்தும் பாத்துக்கிட்டே இருக்கலாம்னு தோணற முகமும் இருக்கும், அந்த ரெண்டாவதுல இருக்கறதுதான் லாவண்யம். இப்போ அரபிக்கு வாங்க. மில்ஹ்னா உப்பு. அதே வேர்லேர்ந்து வந்த மலீஹ்ங்கற சொல்லுக்கு உப்புக்கரிக்கறதுன்னும் அர்த்தம், வசீகரமானதுன்னும் அர்த்தம். மலீஹாங்கற பொண்ணு பேர் அதுதான். உருதுலயும் களையான முகத்தை நம்கீன்னு சொல்வாங்க, நமக்னா உப்பு. சமஸ்கிருதமும் அரபியும் வேற வேற மொழிக்குடும்பம், அப்படியிருந்தும் ரெண்டு மொழிக்காரங்களும் உப்பைத்தான் எடுத்திருக்காங்க. நீங்க கேட்ட அர்த்தத்துக்கு, பாத்ததும் பிடிச்சுப் போறதுக்கு, இதை விடப் பொருத்தமான பேர் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

மத்ததை வேகமாச் சொல்லிடறேன். சாரு, மஞ்சு, மஞ்சுளா, ரம்யா, லலிதா, ருசிரா எல்லாமே சமஸ்கிருதத்துல மனசுக்கு இனிய, நளினமானங்கற பக்கம்தான். அபிராமியும் அப்படித்தான், அபிராமன்னா பாக்கப் பாக்கச் சந்தோஷம் தர்ற, பையனுக்கு அபிராம்னு வைக்கலாம். பாரசீகத்துல ஸீபான்னா அழகு, நாஸ்னீன்னா நளினமும் செல்லமும் சேர்ந்த ஒரு அழகு, ஷிரீன்னா இனிப்பு. அரபில ஜமீல், ஜமீலா, வசீம் எல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், கொஞ்சம் தெரியாததுன்னா ஸரீஃபா, நளினமும் பேச்சு சாதுரியமும் சேர்ந்தவங்களுக்கு உள்ள சொல். மோகினி மட்டும் வேணாம், அர்த்தம் நீங்க கேட்டதேதான், ஆனா தமிழ்ல அந்தப் பேரைச் சொன்னா முதல்ல ஞாபகம் வர்றது பேய்க்கதை, பள்ளிக்கூடத்துல குழந்தையைச் சும்மா விட மாட்டாங்க.

மார்கழிப்பூ:

அந்த உப்பு மேட்டரை வீட்டுக்காரர்கிட்டப் படிச்சுக் காட்டினேன், ரெண்டு பேருக்குமே ரொம்பப் பிடிச்சிருக்கு. எனக்குத் தெரிஞ்ச லாவண்யாக்கள் யாருக்கும் இது தெரிஞ்சிருக்காது.

ஒரு சந்தேகம் இருக்கு, வெளிப்படையாவே கேட்டுடறேன். பொண்ணு பொறந்து அவளுக்கு அழகுன்னு பேர் வச்சா, அவ வளர வளர நீ அழகா இருக்கணும்னு நாங்களே அவ தலையில ஒரு பாரத்தை ஏத்தி வைக்கற மாதிரி ஆயிடாதா? ஒரு தோழி இதைக் கேட்டதுலேர்ந்து மனசுல ஓடிட்டே இருக்கு. பையனுக்கு அழகன்னு வச்சா யாரும் எதுவும் நினைக்க மாட்டாங்க, பொண்ணுன்னா மட்டும்தான் இந்தப் பயம் வருது. இதைப் பத்தியும் யாராவது யோசிச்சிருந்தா சொல்லுங்க.

தாழ்வாரம்:

உங்க பயம் எனக்குப் புரியுது, நானும் என் பொண்ணுக்குப் பேர் வைக்கறப்ப இதே கேள்வியோட இருந்தவதான். அப்போ நான் தேடித்தேடிப் படிச்சதுல ஒரு விஷயம் பிடிபட்டுச்சு. பல மொழியில அழகு, நல்லது ரெண்டையும் ஒரே சொல் சேர்ந்து சுமக்குது.

அரபில ஹசன்னா நல்லதும்தான், அழகும்தான், ஹுசைன்ங்கறது அதோட செல்ல வடிவம். பழைய கிரேக்கத்துல கலோஸ்ங்கற சொல்லும் அப்படியே, ஒரு குதிரை அழகா இருந்தாலும் கலோஸ், ஒருத்தர் செஞ்ச காரியம் நேர்மையா இருந்தாலும் கலோஸ். அந்த வேர்லேர்ந்துதான் கல்லிஸ்டா வருது, ரொம்ப அழகானவள்னு அர்த்தம், காலியோப்பின்னா அழகான குரல். சுவாஹிலில ஸூரின்னா நல்லது, அழகு ரெண்டுமே. ருவாண்டாவுல பேசற கின்யருவாண்டாவுல கேஸான்னு ஒரு பொண்ணு பேர், அதுக்கும் இதே ரெட்டை அர்த்தம்தான். நம்ம தமிழ்லயே நலம்னா நன்மையும் இருக்கு, அழகும் இருக்கு, பழைய பாட்டுல தலைவியோட நலம் போச்சுன்னு வந்தா அவ அழகு வாடிப்போச்சுன்னு அர்த்தம்.

அதனால முகத்தை மட்டும் சொல்ற பேரா இல்லாம இந்த மாதிரி ரெண்டும் கலந்த பேரா எடுங்க. கிரேக்கத்துல காரிஸ்னு ஒண்ணு இருக்கு, வசீகரம், அருள், கனிவு மூணும் அதுல அடக்கம். கிரேக்கப் புராணத்துல வர்ற மூணு தேவதைகளை காரிட்டஸ்னு சொல்றது இந்தச் சொல்லாலதான். பின்னாடி கிறிஸ்தவர்கள் கடவுளோட கிருபைக்கும் இதே சொல்லைத்தான் வச்சுக்கிட்டாங்க. கண்ணாடி முன்னாடி நின்னு ஒத்துப் பாத்துக்கற பேர் இல்ல இது, பொண்ணு தாராளமா சுமக்கலாம்.

இன்னொண்ணு, பொண்ணுக்கு மட்டும்தான் அழகுப் பேர்ங்கறதும் உண்மை இல்லங்க. பின்லாந்துல சூலோன்னு ஒரு பேர், இனிமை, வசீகரம்னு அர்த்தம், அது பையன் பேர். ஸ்பெயின் பிரான்ஸ் எல்லையில இருக்கற பாஸ்க் மொழியில ஏடெர்னா அழகு, அதுவும் பையன் பேர்தான். ஹீப்ருல நோவாம்னா இனிமை, பையனுக்குத்தான் அதிகமா வைக்கறாங்க.

மெழுகுவர்த்தி:

நோவாம்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு, அதே வேர்தான் நவோமி. தமிழ் பைபிள்ல நகோமின்னு இருக்கும். ரூத்தோட மாமியார். புருஷனையும் ரெண்டு பிள்ளைங்களையும் பறிகொடுத்துட்டு சொந்த ஊருக்குத் திரும்பி வர்றப்ப, என்னை நகோமின்னு கூப்பிடாதீங்க, மாராள்னு கூப்பிடுங்கன்னு சொல்வாங்க. நகோமின்னா இனிமை, மாராள்னா கசப்பு. பேரோட அர்த்தத்தை வச்சே துக்கத்தைச் சொல்ற அந்த இடம் எனக்கு எப்போ படிச்சாலும் தொண்டையை அடைக்கும். கதை அதோட முடியல, கடைசியில பேரனை மடியில வச்சு வளர்க்கறாங்க, அதனால ராசி அது இதுன்னு யோசிக்காம தைரியமா வைக்கலாம்.

தமிழ் பைபிள்ல நடுவுல க எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேப்பீங்க. ஹீப்ருல தொண்டைக்குள்ளேர்ந்து வர்ற ஒரு எழுத்து இருக்கு, பழைய மொழிபெயர்ப்புல அதைக் க போட்டு எழுதியிருக்காங்க, பாகால், நாகமான் எல்லாம் அப்படி வந்ததுதான். நாகமானும் இதே வேர்ச்சொல், இனிமையானவன்னு அர்த்தம். அரபில நயீம், நயீமா இருக்கே, அதுவும் இதுக்குச் சொந்தம்தான்.

அப்புறம் சிப்பிராள். அழகுன்னு அர்த்தம். யாத்திராகமத்துல எகிப்து ராஜா ஆண் குழந்தைங்களைக் கொல்லச் சொன்னப்ப மாட்டேன்னு நின்ன ரெண்டு மருத்துவச்சிங்கள்ல ஒருத்தங்க. பேர் அழகு, செஞ்சது துணிச்சல். ஷிஃப்ரான்னு எழுதினா இப்போதைய காதுக்கும் நல்லாவே இருக்கு.

திசைமாறி:

ஐரோப்பியப் பேர் இன்னும் கொஞ்சம்தான் வந்திருக்கு, நான் மீதியில கொஞ்சம் எழுதறேன், நீளமாப் போனா மன்னிச்சுக்குங்க.

சொல்தேடி கவின்னு சொன்னாரு. அயர்லாந்துல கெவின்னு ஒரு பேர் இருக்குல்ல, அதோட பழைய ஐரிஷ் வடிவத்துல முதல் பாதிக்கு அர்த்தம் அழகான, கனிவான, ரெண்டாவது பாதிக்குப் பிறப்பு. கவினுக்கும் கெவினுக்கும் எந்தச் சொந்தமும் கிடையாது, தற்செயலா ரெண்டு மொழியில கிட்டத்தட்ட ஒரே ஓசை, கிட்டத்தட்ட ஒரே அர்த்தம். பையன் வெளிநாடு போய் யாராவது அவனை கெவின்னு கூப்பிட்டாலும் அர்த்தம் எங்கயும் போகாது. அதே வேர்ல பொண்ணுக்கு கீவான்னு ஒரு பேர் இருக்கு, சில பக்கம் க்வீவான்னு சொல்வாங்க, ஆனா ஐரிஷ் ஸ்பெல்லிங்கைப் பாத்து யாராலயும் அப்படிப் படிக்க முடியாது, காலம் பூரா எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கிட்டே இருக்கணும். ஸ்காட்லாந்துப் பக்கம் கென்னத் இருக்கு, அங்க ரெண்டு பழைய பேரை இங்கிலீஷ்ல ஒண்ணாக் கலந்துட்டாங்க, அதுல ஒண்ணுக்குத்தான் அழகன்னு அர்த்தம்.

அடுத்து ஸ்காண்டிநேவியா. அஸ்ட்ரிட், இங்க்ரிட், சிக்ரிட் மூணையும் வரிசையா வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க, கடைசியில ஒரே ஓசை வருதுல்ல. பழைய நார்ஸ் மொழியில ஃப்ரீத்ருன்னா அழகு, அதுதான் தேஞ்சு தேஞ்சு அந்த ரிட்டா நிக்குது. அஸ்ட்ரிட்டோட முன்பாதி தெய்வம், இங்க்ரிட்ல இங்ங்கற ஒரு தெய்வத்தோட பேர், சிக்ரிட்ல வெற்றி. ஐஸ்லாந்துல ஃப்ரீதான்னு தனியாவே வைக்கறாங்க. ஆனா ஜெர்மன் ஃப்ரீடா வேற, அது சமாதானம்ங்கற சொல்லுலேர்ந்து வந்தது, நேம் சைட்டுங்கள்ல ரெண்டையும் குழப்பி வச்சிருப்பாங்க, ஜாக்கிரதை.

மேபல்ங்கற பேர் அமபெல்லோட சுருக்கம், லத்தீன்ல அமாபிலிஸ்னா அன்பு காட்டத் தகுந்த. லிண்டாவுக்கு ஸ்பானிஷ்ல அழகின்னு அர்த்தம், ஜெர்மானியப் பக்கம் பழைய பேர்களோட கடைசித் துண்டாவும் அது இருக்கு. அமெரிக்காவுல 1947ல மேரியைத் தள்ளிட்டு முதல் இடத்துக்கு வந்து 1952 வரைக்கும் லிண்டாதான் பொண்ணுங்க பேர்ல நம்பர் ஒன். வேல்ஸ்ல டெகன், டெக்வென், ரெண்டுலயும் இருக்கற டெக்ங்கறதுதான் அழகு. பல்கேரியாவுல கிராசிமிர், கிராசிமிரா, அழகும் சமாதானமும் சேர்ந்தது. மாசிடோனியா, செர்பியா பக்கம் லியுப்கா, அது நீங்க கேட்ட அதே வசீகரம்தான். ஆர்மீனியாவுல சிரானுஷ், முன்பாதி அழகு, பின்பாதி இனிமை.

எனக்கு எல்லாத்தையும் விடப் பிடிச்ச கதை கிராஷினாவோடது. போலந்துல நிறையப் பொண்ணுங்களுக்கு இருக்கற பேர், ஆனா 1823க்கு முன்னாடி அப்படி ஒரு பேரே கிடையாது. ஆடம் மிக்கியேவிச்ங்கற கவிஞர் அந்த வருஷம் வெளிவந்த தன்னோட நெடுங்கவிதையோட நாயகிக்காக லித்துவேனியன் மொழியில அழகுங்கற சொல்லை எடுத்து உருவாக்கின பேர் அது. கவிதையில வர்ற அந்தப் பொண்ணு கவசம் போட்டுக்கிட்டு சண்டைக்குப் போறவ. மார்கழிப்பூ, உங்க தோழியோட கேள்விக்கு இதுலயே ஒரு பதில் இருக்கு, அந்தப் பேரை வச்ச அம்மா அப்பாக்கள் யாரும் கண்ணாடியை நினைச்சு வச்சிருக்க மாட்டாங்க.

காகிதக்கொக்கு:

கிழக்குப் பக்கம் நான் வர்றேன், ஆனா ஒரு எச்சரிக்கையோட. ஜப்பானியப் பேரை ஓசையை மட்டும் வச்சு அர்த்தம் சொல்லவே முடியாது. ரெய்கோன்னு ஒரு பேர் எடுத்துக்குங்க, ஒரு எழுத்துல எழுதினா எழிலான குழந்தை, இன்னொரு எழுத்துல எழுதினா மரியாதை உள்ள குழந்தை, இன்னொண்ணுல பச்சைக்கல் மணி மாதிரி ஒலிக்கற குழந்தை. மூணும் காதுக்கு ஒண்ணுதான். யுமி, எமின்னு மிங்கற ஓசை வர்ற பேர்கள்ல அதை அழகுங்கற எழுத்தால எழுதறது ரொம்ப சாதாரணம், ஆனா நாம தமிழ்ல எழுதறப்ப அந்த எழுத்து வராதே, அதனால யுமின்னா அழகுன்னு போடற லிஸ்ட்டை அப்படியே எடுத்துக்காதீங்க.

சீனத்துல மெய்னு சொன்னா ராகம் முக்கியம். ஒரு ராகத்துல அழகு, இன்னொரு ராகத்துல ப்ளம் பூ, இன்னொண்ணுல தங்கச்சி. தமிழ்ல மெய்னா உண்மை, உடம்புன்னு ஏற்கெனவே அர்த்தம் இருக்கு, அது கூடுதல் லாபம்.

இந்தத் தொல்லை இல்லாதது கொரியாவோட ஆரும். சீன எழுத்துலேர்ந்து வராத சுத்தமான கொரியச் சொல், அழகு. நமக்கு ஆறும்னு கேட்டுடும், அது ஒண்ணுதான் யோசனை. வியட்நாம்ல சுயென்னு ஒண்ணு இருக்கு, ரொம்ப ஆழமான சொல், வசீகரம்னும் அர்த்தம், ரெண்டு பேரைச் சேர்த்து வைக்கற விதின்னும் அர்த்தம். வடக்குப் பக்கம் ஸுயென்னும் தெற்குப் பக்கம் யுயென்னும் சொல்வாங்க.

இந்தோனேஷியாவுக்கு வந்தா நமக்கு ரொம்பச் சுலபம். இந்தான்னா அழகு, ஆயுன்னா ஜாவா மொழியில அழகு, ரெண்டும் அங்க நிறையப் புழங்கற பேர். இந்தாவை மட்டும் தமிழ் வீட்ல வைக்க முடியாது, இந்தா இதைப் பிடின்னு சொல்றப்பெல்லாம் குழந்தை ஓடி வந்துடும். ஆயு அப்படி இல்ல, ஆயுள்ங்கற சொல்லோட ஒட்டிக்கும், சின்னதாவும் இருக்கு. தாய்லாந்துல சுந்தொன்னு ஒரு பேர், நம்ம சுந்தர்தான், சோஃபாங்கறது நம்ம ஷோபா. ஹவாய்ல நானின்னா அழகு, நோஹியான்னாலும் அழகுதான், ஆனா இந்தில நானி பாட்டி, தமிழ்ல எழுத்தை மாத்தி நாணின்னு எழுதிட்டா வெக்கப்பட்டுன்னு ஆயிடும்.

ஆப்பிரிக்கப் பக்கம் தாழ்வாரம் ரெண்டு சொன்னாங்க. கூட ஸூலு மொழியில நோபூஷ்லே, அதுல இருக்கற பூஷ்லேதான் அழகு. இக்போ மொழியில அடாம்மா, மூத்த மகளும் அழகும் சேர்ந்த சொல். எத்தியோப்பியாவுல அம்ஹாரிக் மொழியில கோன்ஜித், அழகின்னு நேராவே அர்த்தம். ஸூரியைப் பத்தி ஒரு வார்த்தை, சுவாஹிலி பேசறவங்க அந்தச் சொல்லை முன்னாடி ஒரு ஒட்டு சேர்த்துத்தான் பேசுவாங்க, ம்ஸூரி, ன்ஸூரின்னு வரும்.

வெயில்காலம்:

நல்ல த்ரெட். ஆனா நான் கொஞ்சம் மாறுபடறேன். இவ்வளவு தூரத்து மொழியிலேர்ந்து எடுக்கறப்ப அந்த மொழி பேசற ஒருத்தர்கிட்டயாவது கேக்காம வைக்காதீங்க. இல்லன்னா அகராதியையாவது பாருங்க. நேம் சைட்டை மட்டும் நம்பினா என்ன ஆகும்னு ரெண்டு உதாரணம் சொல்றேன்.

அனிகா. எந்த சைட்ல பாத்தாலும் சமஸ்கிருதம், நளினம்னு போட்டிருக்கும். சமஸ்கிருத அகராதியில அனீகம்னா படை, முகம், முன்பக்கம், இதுல நளினமே இல்ல. நளினம்ங்கற அர்த்தம் அரபில உள்ள அனீக்காவுக்குத்தான், அது வேற சொல், வேற க. ரெண்டையும் ஒண்ணாக் கலந்துட்டாங்க. அர்த்தம் வேணும்னா எந்த மொழிப் பேரா வைக்கறோம்னு தெரிஞ்சு வைக்கணும்ல.

இன்னொண்ணு கார்மென். லத்தீன்ல கார்மென்னா பாட்டு, மந்திரம், இங்கிலீஷ்ல சார்ம்ங்கற சொல்லே அதுலேர்ந்து வந்ததுதான், அதனால வசீகரம்னு அர்த்தம் போட்டுடறாங்க. ஆனா ஸ்பெயின்ல பொண்ணுங்களுக்கு வைக்கற கார்மென் கர்மேல் மலை மாதாவோட பேர்லேர்ந்து வந்தது. ஓசை ஒத்துப் போனதால பாட்டும் பின்னாடி ஒட்டிக்கிச்சு, வேர் அது இல்ல.

தமிழ் இல்லாட்டி நம்ம பக்கத்துல நூத்துக்கணக்கான வருஷமாப் புழங்கற மொழிப் பேர்னா இந்தப் பிரச்சினை கம்மி. சந்தேகம் வந்தா அகராதியைப் புரட்டினாலே போதும், கேக்கறதுக்கும் ஆள் இருக்கு.

திசைமாறி:

வெயில்காலம் சொல்றதுல பாதியை ஒத்துக்கறேன். செக் பண்ணாம வைக்கக் கூடாதுங்கறது சரி. ஆனா தூரத்து மொழின்னாலே வேணாம்ங்கறது சரியில்லங்க. ஜமீலா அரேபியாவுலேர்ந்து கிளம்பி ஆப்பிரிக்கா, துருக்கி, இந்தோனேஷியான்னு எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துடுச்சு. சுந்தரம் தாய்லாந்து வரைக்கும் போயிருக்கு. பேருங்க எப்பவும் இப்படித்தான் ஊர் ஊராப் போய்க்கிட்டே இருந்திருக்கு.

வெயில்காலம்:

போகட்டும், வேணாங்கல. அர்த்தத்தைக் கையோட கூட்டிட்டுப் போகட்டும்னுதான் சொல்றேன்.

மார்கழிப்பூ:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு எதிர்பாக்கவே இல்ல. நாங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசி இப்போதைக்கு இப்படி வந்திருக்கோம். பொண்ணுன்னா லாவண்யா இல்லன்னா நவோமி, அவருக்கு நவோமி, எனக்கு லாவண்யா. மலீஹாவும் பிடிச்சுதான் இருந்துச்சு, ஆனா உப்புக்கதை லாவண்யாவுலயே இருக்கறதால அதுவே போதும்னு தோணுது. கண்ணாடிப் பயமும் போயிடுச்சு, களைங்கற அர்த்தம் தெரிஞ்சதுக்கப்புறம் அது முக அளவைச் சொல்ற பேராவே தெரியல. பையன்னா கவின், அதுல ரெண்டு பேருக்கும் சண்டையே இல்ல.

ஒரே ஒரு டவுட். கவினை இங்கிலீஷ்ல எந்த எழுத்துல ஆரம்பிக்கணும்? கே போட்டு எழுதறவங்களும் இருக்காங்க, ஜி போட்டு எழுதறவங்களையும் பாத்திருக்கேன். எது சரி?

சொல்தேடி:

கே தான். தமிழ்ச் சொல்லுக்கு முதல்ல வர்ற க எப்பவும் வல்லோசைதான், கடல், கல், கண் மாதிரி. ஜி போட்டா அது கேவின்ங்கற வேற பேர், ஆர்தர் ராஜா கதையில வர்ற கவெய்ன்ங்கற வீரனோட பேர்லேர்ந்து வந்தது, அழகுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. அதனால கே, ஏ, வி, ஐ, என். நடுவுல ஏக்குப் பதிலா இ விழுந்துட்டா கெவின் ஆயிடும், ஆபீஸ் பேப்பர்ல எல்லாம் அந்த ஒரு எழுத்தை மட்டும் பாத்துக்குங்க.

பொண்ணு பேர்ல நீங்க ரெண்டு பேரும் இன்னும் ஒத்து வரலன்னா எழிலையும் ஒரு தடவை சொல்லிப் பாருங்க. பொண்ணுக்கும் வைக்கலாம், பையனுக்கும் வைக்கலாம், பொறந்ததுக்கப்புறம் மாத்த வேண்டியதே இல்ல. வெளிநாட்டுல ழ வராதவங்க எளில்னு சொல்வாங்க, எளிமைங்கற சொல்லை நினைச்சுக்கிட்டு விட்டுடலாம், ஆனா வீட்ல மட்டும் ழவை விட்டுடாதீங்க.